மெலித்தாவில் ஏற்றிய மெழுகுதிரி

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கடல் தாண்டியது ஆண்பிள்ளை யாரும் இல்லை, என் அத்தைதான். கொழும்புக்குப் போய்வந்த சித்தப்பாமார் இரண்டு பேர் இருந்தார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதைக் கடல் தாண்டுவது என்று எங்கள் பக்கத்தில் யாரும் மதிப்பதில்லை. தூத்துக்குடியில் சாயங்காலம் ஏறினால் விடியும்போது கொழும்பு. ஒரு ராத்திரி வாந்தியெடுத்துவிட்டு வந்து என்ன பெருமை பேசுவது? அத்தை போனது சீமைக்கு.

அத்தை அப்பாவுக்குத் தங்கை. பதினெட்டு வயதில் புருஷனைப் பறிகொடுத்தவள், பிள்ளை கிடையாது. பாளையங்கோட்டையில் மிஷன் துரை வீட்டில் ஆயாவாக இருந்தாள். பதினாலாம் வருஷத்துப் பெரிய சண்டை தொடங்குவதற்கு இரண்டு மூன்று வருஷத்துக்கு முன்பு, துரைசானி தன் பிள்ளைகள் இரண்டையும் கூட்டிக்கொண்டு சீமைக்குப் போனபோது அத்தையையும் கூட்டிப் போனாள். துரை இங்கேயே இருந்தார். ஒரு வருஷம் கழித்துத் திரும்பிவருகிற வழியில் கப்பலில் சின்னப் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டது. நடுவழியில் ஒரு தீவில் இறங்கி, வீடு பிடித்து, ஒரு மாதத்துக்கு மேல் தங்கவேண்டியதாகிவிட்டது. வரைபடத்தில் அந்தத் தீவுக்கு மால்டா என்று பெயர். எங்கள் வேதத்தில் அதுதான் மெலித்தா. அப்போஸ்தலர் கப்பல் உடைந்து கரையேறிய இடம், விரியன் பாம்பு கையைக் கவ்வியும் ஒன்றும் ஆகாமல் அதை நெருப்பில் உதறிவிட்ட இடம் என்று எங்கள் சபையில் எழுத்தறியாதவர்களுக்குக்கூடத் தெரியும். அங்கே எங்கள் அத்தை ஒரு மாதம் இருந்துவிட்டு வந்திருக்கிறாள் என்றால் சும்மாவா!

அப்பா சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் உபதேசியார். குருவானவர் வராத ஞாயிற்றுக்கிழமைகளில் பிரசங்கம் செய்து, மற்ற நாட்களில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி, எல்லா நாட்களிலும் ஊராருக்குப் பயந்து நடக்கவேண்டிய உத்தியோகம் அது. துரைசானி இரண்டு மாதம் லீவு கொடுத்தாள் என்று அத்தை சித்திரை மாதம் எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கினாள். எனக்கு அப்போது எட்டு வயது.

ஊர் முழுக்க அத்தையின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆனால் கோயிலில் பெண்கள் எழுந்து நின்று பேசும் வழக்கம் கிடையாது. ஆகவே அத்தை பார்த்ததை அப்பா பிரசங்கமாகச் சொல்வது என்று ஏற்பாடாயிற்று. சனிக்கிழமை அத்தை சொல்லச் சொல்ல அப்பா எழுதிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை அதில் ஒரு வரியைக்கூட அவர் உள்ளபடி விடவில்லை. அப்போஸ்தலரின் கப்பல் மோதிய குடாவில் மலை போல அலை எழும்பி, கேட்பவர்களின் ஈரக்குலை நடுங்கும்படி இரைகிறது என்று அவர் கையை உயர்த்தியபோது, பெண்கள் பக்கத்துப் பாயிலிருந்து அத்தையின் குரல் கேட்டது.

"அலையே இல்லண்ணே. தொட்டித் தண்ணி மாதிரி பேசாமக் கெடந்துச்சு."

பெண்கள் பக்கம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தது. ஆண்கள் பக்கம் இருமியது. அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் தீவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நல்லதாகப் போயிற்று, தீவு முழுக்க எனக்கே கிடைத்தது. பின்வாசலில் என்னை உட்காரவைத்துத் தலையில் பேன் பார்த்துக்கொண்டே அத்தை சொல்லுவாள்.

அந்தத் தீவில் ஆறு கிடையாதாம். எனக்கு இதைத்தான் நம்பமுடியவில்லை. புறவாசலைத் தாண்டினால் தாமிரபரணி என்று வளர்ந்தவள் நான். ஆறு இல்லாத ஊரில் எங்கே குளிப்பார்கள், எங்கே துவைப்பார்கள், வீட்டில் அடி விழும் என்றால் பிள்ளைகள் எங்கே போய் முங்கிக் கிடக்கும்? வீட்டுக்கு அடியில் பாறையைக் குடைந்து மழைத் தண்ணீரை இறக்கிவைத்து வருஷம் முழுக்க இறைத்துக்கொள்வார்களாம். பாறையைத் தோண்டிய கல்லிலேயே வீடு. எல்லா வீடும் அரைத்த சந்தன நிறம். வெயில் சாய்கிற நேரம் ஊரே மஞ்சள் பூசிக்கொண்ட மாதிரி இருக்குமாம். வயலுக்கு வரப்பு கிடையாது, கல்சுவர்தான். சுவரோரம் நம் செம்மணல் தேரிக்காட்டில் இருக்கிற அதே சப்பாத்திக்கள்ளி. ஆனால் அந்த ஊரார் அதன் பழத்தை முள் சீவி, தட்டில் வைத்து, விருந்தாளிக்குக் கொடுப்பார்கள். வெள்ளாடுகளை வீட்டு மாடிப்படி ஏற்றிக் கொண்டுபோய் வாசலில் வைத்தே பால் கறந்து கொடுப்பார்கள். பெண்கள் வெளியே போனால் காயல்பட்டினத்து முஸ்லிம் பெண்கள் மாதிரி தலையோடு மூடிக்கொள்வார்கள். ஆனால் இவர்கள் துணி கறுப்பு, காற்றில் கப்பல் பாய் மாதிரி உப்பும்.

கடலைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் அத்தையின் கை பேன் பார்ப்பதை நிறுத்திவிடும். துரைசானி தூங்குகிற மத்தியான நேரம் அத்தை பெரிய பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பாறை விளிம்புக்குப் போய் உட்காருவாளாம். கீழே தண்ணீர் மயில் கழுத்து நிறத்தில் இருக்கும். அடியில் கிடக்கிற கூழாங்கல்லை மேலிருந்தே எண்ணலாம். பாறைப் பொந்துக்குள் வெளிச்சம் போய் நீலமாகத் திரும்பி வரும். மாசி பிறக்கிற சமயம் பாறை இடுக்கெல்லாம் மஞ்சள் பூ. அங்கே உட்கார்ந்திருந்தபோது தான் தாலியறுத்தவள் என்பதே மறந்துபோய்விட்டது என்று ஒருநாள் சொன்னாள். அதைச் சொல்லிவிட்டு என் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தாள், நான் என்னவோ செய்துவிட்ட மாதிரி.

அதைவிட அதிசயம் வயல் நடுவே நிற்கிற கற்கள். ஒவ்வொன்றும் யானை உயரம். வாசல் வைத்து, வட்டவட்டமாக அறை வைத்து யாரோ கட்டியிருக்கிறார்கள். அப்போஸ்தலர் கரையேறிய காலத்திலேயே அவை கிழடு தட்டிப் போயிருந்தன என்று துரைசானி சொன்னாளாம். எந்த ராஜா கட்டினான் என்று கேட்டால் ஊராருக்கு ஒரு கதைதான் தெரியும்: அரக்கி ஒருத்தி கட்டினாளாம்.

"இடுப்புல பிள்ள, தலையில கல்லு, வாயில அவரப் பயறு. மென்னுக்கிட்டே வந்து கட்டி முடிச்சிருக்கா. கூட ஆம்பள ஒருத்தன் இல்ல பாத்துக்கோ."

சண்டை எங்கே வந்தது என்றால் சாமி விஷயத்தில் வந்தது. அந்தத் தீவார் எல்லாரும் கிறிஸ்தவர்கள்தான். ஆனால் ரோமைச் சபையார். சுரூபம், அதாவது சிலை வைத்துக் கும்பிடுகிறவர்கள்; எங்கள் சபையில் அது பாவம். அது போகட்டும் என்றால், அவர்கள் பாஷையில் கடவுளுக்குப் பெயரே அல்லா என்றுதானாம். கோயிலில் முழங்கால் போட்டு, சிலுவை போட்டு, அல்லா என்று கூப்பிடுகிறார்கள். இதை அத்தை சாப்பாட்டு நேரத்தில் வெகு சாதாரணமாகச் சொன்னாள். மேலப்பாளையத்துச் சாயபுமார் கேட்டால் சந்தோஷப்படுவார்கள் என்றும் சொன்னாள். அப்பா எடுத்த கவளத்தைத் திரும்பத் தட்டில் வைத்தார்.

"ஏட்டி, இத வெளிய எவன்ட்டயும் சொல்லிராத. என் சோத்துல மண்ணள்ளிப் போட்ராத" என்றார்.

"அவிய பாஷையில அப்படித்தான்ணே இருக்கு. நான் என்ன செய்ய?"

அப்பா பயந்ததில் தப்பு இல்லை. எங்கள் சபையில் ஒழுங்கு என்றால் ஒழுங்கு. பொங்கலுக்கு வாசலில் கோலம் போட்டாள் என்று ஒருத்தியைக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார்கள். புற்றுமண்ணைப் பூசினான் என்று ஒருவனுக்கு மூன்று மாதம் நற்கருணை அப்பம் கொடுக்காமல் நிறுத்திவைத்தார்கள். நற்கருணை நிறுத்திவைக்கப்பட்டவர்களுக்கு மிஷனில் வேலை கிடையாது. அத்தைக்கு இருந்ததெல்லாம் அந்த ஆயா வேலை ஒன்றுதான். வேலை போனால் அண்ணன் வீட்டுச் சோறு. எத்தனை நல்ல அண்ணனாக இருந்தாலும் அது அண்ணன் வீட்டுச் சோறுதான்.

இதெல்லாம் தெரிந்தும் அத்தை ஒருநாள் என்னிடம் மட்டும் ஒன்று சொன்னாள். தீவில் அப்போஸ்தலருக்குத் திருவிழா. தெருவெல்லாம் சிவப்புப் பட்டுத் தொங்கவிட்டு, வேட்டுப் போட்டு, பேண்டு வாசித்து, அவருடைய சுரூபத்தை எட்டுப் பேர் தோளில் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். மாடியிலிருந்து பிள்ளைகள் காகிதப்பூவைக் கொட்டுகின்றன. கூட்டத்தில் நின்ற அத்தை அழுதிருக்கிறாள். பக்கத்தில் கறுப்புத் துணி மூடிய ஒரு கிழவி, பாஷை தெரியாவிட்டாலும், அத்தையின் கண்ணைத் துடைத்துக் கையைப் பிடித்துக் கோயிலுக்குள் கூட்டிப்போயிருக்கிறாள். அங்கே அத்தை ஒரு மெழுகுதிரி வாங்கிச் சுரூபத்துக்கு முன்னால் ஏற்றிவைத்தாள். அவ்வளவுதான். யாருக்காக, எதற்காக என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. காகிதப்பூ என்ன நிறம் என்று கேட்டேன்.

"ஏளா, இத யார்ட்டயும் மூச்சு விடக்கூடாது" என்று கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

சத்தியம் மூன்று வாரம் தாங்கியது. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இன்றைக்கும் அப்படித்தான், என் மருமகளைக் கேட்டால் சொல்லுவாள். சபைப் பெரியவரின் மகள் என் வகுப்பு. அவளுக்கும் ஒரு அத்தை உண்டு, கொழும்பில். ஞாயிறு பள்ளி விட்டு வரும்போது, பத்துப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவள் கேட்டாள்:

"உங்க அத்த அங்கன வெள்ளக்காரப் பிள்ளைக்கு மூத்திரத் துணி கசக்கத்தான போனா?"

எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது.

"எங்க அத்த அப்போஸ்தலருக்கு முன்னால இத்தாம் பெரிய மெழுகுதிரி ஏத்தினாவ. உங்க அத்த கொழும்புல என்னத்த ஏத்தினா?"

ஜெயித்துவிட்டேன் என்று நான் துள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். விளக்கு வைக்கிற நேரத்துக்குள் அவளுடைய அப்பா எங்கள் வாசலில் நின்றார்.

ஆடி மாதம் குருவானவர் பாளையங்கோட்டையிலிருந்து வந்தபோது ஆராதனை முடிந்து சபை கூடியது. அத்தை பெண்கள் பக்கத்துப் பாயில் எழுந்து நின்றாள். அவள் காலடியில் அம்மா, அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நான். அப்பா மேஜையோரம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் பயந்திருந்தேன் என்று சொல்லத்தான் ஆசை. உண்மையில், நான் சொன்ன ஒரு பேச்சுக்காக இத்தனை பெரியவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பெரியவர் கேட்டார்: "உள்ளதச் சொல்லும்மா. சுரூபத்துக்கு முன்னால திரி ஏத்தினியா, இல்லையா? பிள்ள விளையாட்டுக்குச் சொல்லிச்சுன்னாலும் சொல்லிரு, இத்தோட விட்டுருவோம்."

அத்தை ஒரு வார்த்தை சொன்னால் போதும்: பிள்ளை பொய் சொல்லிச்சு என்று. எனக்கு வீட்டில் நாலு அடி விழும், அதோடு தீர்ந்தது.

"ஏத்தினேன்" என்றாள் அத்தை. "பிள்ள பொய் சொல்லல."

குருவானவர் நல்ல மனுஷர். அவரே ஒரு வழி திறந்துவிட்டார். துரையின் பிள்ளை காய்ச்சலில் கிடந்ததே, அந்தப் பயத்தில் அறியாமல் செய்துவிட்டாயா என்று கேட்டார். அத்தை இல்லை என்று தலையை ஆட்டினாள். அப்படியானால் யாருக்காக என்று கேட்டார்.

அப்போதுதான் அம்மா கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தாள். அத்தை குனியவில்லை, திரும்பவில்லை. ஒரு கையை மட்டும் இறக்கி அம்மாவின் தோளைப் பிடித்து அப்படியே அமுக்கினாள். அம்மா உட்கார்ந்துவிட்டாள். வீட்டில் உலை வைத்துவிட்டு வந்திருந்தோம். அது பொங்கிவிடும் என்று அம்மா எழுந்திருக்கிறாள், மரியாதை இல்லையென்று அத்தை தடுக்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

"எனக்குத் தோணிச்சு, ஏத்தினேன்" என்றாள் அத்தை. அதற்குமேல் எத்தனையோ விதமாகக் கேட்டும் வாயைத் திறக்கவில்லை. ஆறு மாதம் நற்கருணை இல்லை என்று தீர்ப்பாயிற்று. அப்பாதான் அதைப் புத்தகத்தில் எழுதினார். துரைசானி அழுதாளாம், அழுதுவிட்டு வேறு ஆயா பார்த்துக்கொண்டாள். அத்தை பிறகு ஒருநாளும் கப்பல் ஏறவில்லை. எங்கள் வீட்டிலேயே இருந்து, நூல்பின்னல் போட்டு விற்று, எங்களை வளர்த்து, எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்திலேயே அடங்கினாள்.

அத்தை தீவில் இருந்த அந்தத் தை மாதம் இங்கே எனக்குப் பெரியம்மை கண்டிருந்தது. இதை முதலிலேயே சொல்லியிருக்கவேண்டும். முகத்தில் தழும்பு உள்ளவர்கள் அந்தப் பேச்சைத் தாங்களாக எடுப்பதில்லை. பிழைக்கமாட்டேன் என்று எல்லாரும் கைவிட்டுவிட்டார்களாம். அந்தச் செய்தியைத் துரை தம் மனைவிக்கு எழுதிய கடிதத்தில் ஒரு ஓரத்தில் எழுதியிருந்தார். கடிதம் தீவுக்குப் போய்ச் சேர இருபது நாள். துரைசானி அதை வாசித்துச் சொன்னபோது, பிள்ளை உயிரோடு இருக்கிறதா, மண்ணுக்குள் போய்விட்டதா என்று அங்கே யாருக்குத் தெரியும்? அத்தை இரண்டு நாள் தன் வழக்கப்படி ஜெபம் பண்ணிப் பார்த்தாள். மூன்றாம் நாள் திருவிழா.

இதை எனக்குச் சொன்னது அம்மா. என் மூத்த மகன் மணல்வாரி அம்மை கண்டு கிடக்க, நான் தலைமாட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்த நாளில் சொன்னாள். அப்போது அத்தை போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. நான் பிழைத்ததற்காக அப்பா சபையார் கூடி உண்ணும் அசனப் பண்டிகைக்குக் கிடாய் கொடுத்து, சபையின் ஜெபம் ஒன்றினாலேயே மகள் பிழைத்தாள் என்று எல்லார் முன்பும் சாட்சி சொல்லியிருந்தார். உபதேசியாரின் பிள்ளைக்காகச் சுரூபத்துக்குத் திரி ஏற்றியது என்று தெரிந்தால் அப்பாவின் வேலையும் சேர்ந்து போயிருக்கும். என்னை ஊரில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டிருப்பார்களோ! அதனால்தான் அம்மாவின் தோளில் அந்தக் கை. அம்மா சொல்லி முடித்ததும், செத்துப்போனவளிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது என்று தெரியாமல் என் பிள்ளையைக் கட்டிக்கொண்டு கிடந்தேன்.

ஆனால் அந்த ஆறு மாதமும் எனக்கு ஒரே கொண்டாட்டம். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மாதம் ஒருமுறை நற்கருணை நடக்கும்போது, அதை வாங்குவதற்கான திடப்படுத்தல் பெறாத பிள்ளைகள் எல்லாம் கோயிலை விட்டு வெளியே வந்து பூவரச மரத்தடியில் உட்காரவேண்டும். முன்பெல்லாம் அது வெறும் காத்திருப்பு. இப்போது அத்தையும் எங்களோடு வெளியே வந்து உட்கார்ந்தாள். உள்ளே பெரியவர்கள் பாடுகிற சத்தம் கேட்கும்; வெளியே எங்களுக்கு மெலித்தா. பெரியவரின் மகள்கூட என் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து கேட்டாள். கதை சொல்வதற்காகவே அத்தை வருகிறாள் என்று நான் நினைத்திருந்தேன். ஆறு மாதம் முடியப்போகிறது என்று தெரிந்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது.

அந்தக் கடைசி ஞாயிறு தை மாதம். மற்றப் பிள்ளைகள் விளையாடப் போய்விட்டன. அத்தை அவித்த பனங்கிழங்கை நார் உரித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குத்தான் எனக்குக் கேட்கத் தோன்றியது.

"அத்த, அந்தத் திரிய யாருக்காக ஏத்தினிய?"

அத்தை கிழங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "ஒரு கழுதைக்கு."

"கழுதைக்கா?"

"ஆமா. சாகக் கெடந்துச்சு. மனசு கேக்கல, ஏத்தினேன்."

"பொழச்சிச்சா அத்த?"

"பொழைக்காம? நல்லாப் பொழச்சு எந்திரிச்சு, என்னையே ஒரு எத்து எத்திச்சு."

எனக்கு வந்ததே கோபம்! அத்தை தன் காசைப் போட்டுத் திரி வாங்கி ஏற்றியிருக்கிறாள், அதற்கு இதுதானா பதில்? நன்றி கெட்ட கழுதை, எத்திவிட்டு இன்னும் அந்தத் தீவில் எங்கேயாவது நன்றாகத் தின்றுகொண்டுதான் திரியும் என்று சொன்னேன்.

"ஆமா, நல்லாத் திங்குது" என்றாள் அத்தை. கிழங்கை ஒடித்துப் பெரிய துண்டை என்னிடம் நீட்டினாள். நான் வாங்கித் தின்றேன்.